சத்தமில்லாமல் வெந்த கேக்

பத்து மெழுகுவர்த்திகளில் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. குத்திவிட்டு விரலை எடுத்ததும் மெல்லச் சாய்ந்து மாம்பழப் பாகில் படுத்துக்கொண்டது. கேக் என்றால் நின்றிருக்கும். இது கேக் இல்லையே.

ஒரு வழியாக ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஏற்றினேன். சுற்றி நின்ற எட்டுப் பிள்ளைகளையும் பார்த்து உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன். பிள்ளைகள் வாயை மட்டும் அசைத்து வாழ்த்துப் பாட்டுப் பாடினார்கள். கைதட்டும் இடம் வந்தபோது உள்ளங்கையில் ஒற்றை விரலால் தட்டினார்கள். ஒரு பையனுக்குச் சிரிப்புத் தாங்காமல் சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான்.

பிறந்தநாள்காரி மட்டும் வாயையும் அசைக்கவில்லை, சிரிக்கவும் இல்லை. கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். அவள் என் மகள் நிவேதா. அன்று அவளுக்குப் பத்து வயது முடிந்திருந்தது.

இது நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இத்தனை நாளும் அந்தக் கதை எங்கள் வீட்டில் இரண்டு விதமாகச் சொல்லப்பட்டு வந்தது. நான் பெருமையாகச் சொல்வேன். அவள் குற்றப்பத்திரிகை மாதிரி வாசிப்பாள். போன மாதம் மூன்றாவதாக ஒருவர் வந்து தன் பங்குக்கு ஒன்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து இந்த வாரச் சமையல் பத்திக்கு வேறு எதையும் எழுத எனக்குக் கை ஓடவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் அப்போது எங்களுக்குக் கிடைத்திருந்தது வரிசை வீடுகளில் ஒன்று. ஒரே சுவர். இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் ஏழுமலை அண்ணன் குடும்பம். சுவர் என்று பேர்தானே தவிர, அங்கே அப்பளம் பொரித்தால் இங்கே இன்னொரு கரண்டி சோறு இறங்கும். அங்கே யாராவது தும்மினால் இங்கிருந்து "நூறு" என்போம்.

நாங்கள் திண்டுக்கல் பக்கம். என் கணவருக்கு ஒர்க்ஷாப்பில் வேலை, நான் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். ஏழுமலை அண்ணன் கம்மாபுரம் பக்கத்து விவசாயக் குடும்பம். சுரங்கத்துக்கு நிலம் போய், பல வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து, கடைசியில் பெர்மனென்ட் ஆனவர். மூன்று போகம் விளைந்த மண்ணைக் கொடுத்து வாங்கிய வேலை என்று அவரே சொல்வார். சொல்லும்போது குரலில் சண்டை இருக்காது. ஆனால் டூட்டி சட்டையை அவர் மடித்து வைக்கிற பதவிசைப் பார்த்தால் அந்த வேலை அவருக்கு என்னவென்று புரியும்.

நிவேதா பாதி நாள் அவர்கள் வீட்டில்தான் இருப்பாள். எங்கள் வீட்டுக்கு வந்து "தனம் அத்தை வூட்ல சாப்டுகினு இருந்தேன்" என்பாள். என் மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தபோது இதைக் கேட்டு, பிள்ளை எந்த ஊர்த் தமிழ் பேசுகிறது என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தார். எல்லா மாவட்டத்துத் தமிழையும் கொஞ்சம் கொஞ்சம் பேசுவதுதான் டவுன்ஷிப் பிள்ளைகளின் வழக்கம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கேட்டில் ஒரு துண்டு

சுரங்கத்து ஊரில் தூக்கத்துக்கு நேரம் காலம் கிடையாது. வாரம் ஒரு ஷிப்ட் மாறும். ஊர் விழிக்கும்போது தூங்கப் போகிறவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பேராவது இருப்பார்கள். அதனால் எங்கள் ப்ளாக்கில் ஒரு பழக்கம் இருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் படுக்கும் முன்பு வீட்டு கேட்டில் ஒரு துண்டைக் கட்டிவிடுவார். துண்டு தொங்கினால் உள்ளே ஆள் தூங்குகிறார் என்று அர்த்தம்.

துண்டைப் பார்த்தால் காய்கறிக்காரர் கூவ மாட்டார். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும். நாங்கள் குக்கர் விசில் அடிக்கும் முன்பே கரண்டியால் வெயிட்டைத் தூக்கிவிட்டு ஆவியை விடுவோம். அம்மி, மிக்ஸி, இடிக்கிற வேலை எல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிப்போகும். யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை. புதிதாக யாராவது குடிவந்தால் இரண்டே நாளில் கற்றுக்கொள்வார்கள்.

கம்பெனிச் சங்கு மட்டும் எதற்கும் கட்டுப்படாமல் நேரத்துக்கு ஊதும். அதற்கு யார் துண்டைக் காட்டுவது?

மெமோ

அந்த வருஷம் ஏழுமலை அண்ணனுக்கும் தனத்துக்கும் ரொம்ப நாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அழகான குழந்தை, ஆனால் பகலெல்லாம் வயிற்றுவலியில் கத்தும். அண்ணனுக்கோ நைட் ஷிப்ட். சுரங்கத்தில் மண் அள்ளிப்போகும் கன்வேயர் பெல்ட்டை ஒரு கேபினில் உட்கார்ந்து கவனிக்கிற வேலை அவருக்கு. பகலில் தூங்காத ஆள் ராத்திரி அந்தக் கேபினில் எத்தனை நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியும்?

ஒருமுறை கண் அசந்தபோது கூட இருந்தவர் தட்டி எழுப்பிவிட்டார். இரண்டாவது முறை எழுப்ப ஆள் இல்லை. பெல்ட் ஒதுங்கி மண் சரிந்து கொட்டிக்கிடந்ததை மேலதிகாரி நேரிலேயே பார்த்துவிட்டார். கையில் மெமோ வந்தது. இன்னொரு தடவை கண் சொக்கினால் சஸ்பெண்ட், அதற்கப்புறம் என்கொயரி என்று வாய் வார்த்தையாகவும் சொல்லி அனுப்பினார்கள். வேலை போவது ஒரு பக்கம். ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் தூங்கி விழுகிற மனுஷனுக்கு என்ன வேண்டுமானாலும் ஆகலாம் என்பது தனத்துக்கு இன்னொரு பக்கம்.

தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பண்ருட்டிப் பக்கத்தில் உள்ள அம்மா வீட்டுக்குக் கிளம்பினாள். போகும்போது வரிசையில் உள்ள ஆறு வீட்டுக்கும் படியேறி வந்தாள்.

"இன்னும் மூணு ராத்திரிதாங்கக்கா நைட்டு. இந்த மூணு நாளு பகல்ல அவுரு நல்லாத் தூங்கிட்டார்னா போதும். பாத்துக்கோங்கக்கா."

நான் தாராளமாகத் தலையாட்டினேன். அவள் பஸ் ஏறின பிறகுதான் அந்த மூன்று நாளில் நடுநாள் நிவேதாவின் பிறந்தநாள் என்பது உறைத்தது.

போர்வையில் விழுந்த மாங்காய்

தனத்துக்குத் தலையாட்டியது நான் மட்டும் இல்லை. அதனால் வழக்கமான அமைதி போதாதென்று எங்கள் ப்ளாக் அந்த மூன்று நாளும் ஒரு படி மேலே போனது. கோடி வீட்டு ரிட்டயர்டு தாத்தா காக்காய்களைக் கூட வாயால் விரட்டாமல் வேட்டியை உதறி விரட்டினார். பண்ருட்டியிலிருந்து பலாச்சுளை கொண்டுவரும் அம்மாள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டாள். அவளே துண்டைப் பார்த்துவிட்டு ஜாடையில் வியாபாரம் செய்தாள். நான் பத்து விரலைக் காட்டிச் சுளை கேட்டேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, பாதிப் பழத்தை அப்படியே படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். கூப்பிட்டுத் திருப்பிக் கொடுக்கவும் முடியாது. கத்தினால் அண்ணன் எழுந்துவிடுவார்.

பெரிய ஆபத்து எங்கள் கொல்லையில் இருந்தது. ஒரு மாமரம். அதன் கிளை ஒன்று அண்ணன் வீட்டுப் பக்கத்து தகரக் கொட்டகைக்கு மேல் நீண்டிருந்தது. மே மாதத்தில் காம்பு கனிந்த காய் ஒன்று தகரத்தில் விழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும்.

முதல் நாள் சாயங்காலம் அண்ணன் எழுந்து கடைக்குப் போயிருந்த நேரத்தில் என் கணவரும் இன்னும் இரண்டு பேரும் மரத்தில் ஏறினார்கள். கீழே நானும் எதிர் வீட்டு அம்மாவும் போர்வையை விரித்துப் பிடித்துக்கொண்டோம். விழுகிற நிலையில் இருந்த அத்தனை காயையும் பறித்தாயிற்று. இரண்டு வாளி. பழுத்தும் பழுக்காததுமாக, ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் பச்சை. ஒருவருடைய தூக்கத்துக்காக மரத்தையே காலி செய்த ப்ளாக் எங்களுடையது என்று இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

ஸ்விட்சில் கட்டைவிரல்

பிறந்தநாளுக்கு நிவேதா கேட்டிருந்தது க்ரீம் ரோஜா வைத்த கேக். அவளோடு படித்த ஒரு பெண் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் புது மிக்ஸி வாங்கியிருந்தோம். க்ரீம் அடிக்கிற பிளேடும் அதோடு வந்திருந்தது. அந்த பிளேடைக் காட்டி நான்தான் சத்தியம் செய்திருந்தேன்.

அண்ணன் தூங்காத நேரத்தில் அடித்துவிடலாம் என்பது என் கணக்கு. மெமோவுக்கு விளக்கம் எழுதிக் கொடுக்க அன்று காலையில் அவரை ஆபீஸுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மதியம்தான் வருவார். நல்லதாகப் போயிற்று என்று முட்டையும் வெண்ணெயும் எடுத்து வைத்தால், லைன் வேலை என்று எங்கள் தெருவுக்குக் கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கெல்லாம் மின்சாரம் அனுப்புகிற ஊரில் எனக்கு ஒரு மிக்ஸி ஓடவில்லை. மதியம் கரண்ட் வந்தபோது கேட் திறக்கிற சத்தமும் கேட்டது. அண்ணன் வந்து துண்டைக் கட்டிவிட்டு உள்ளே போனார். முகம் செத்துப்போயிருந்தது.

நிவேதா மிக்ஸிக்குப் பக்கத்தில் புது கவுன் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஒரே ஒரு நிமிஷம்மா. சும்மா போட்டுட்டு நிறுத்திடு" என்று கிசுகிசுத்தாள்.

நானும் ப்ளக்கைச் சொருகினேன். பெற்ற மனது இல்லையா? ஸ்விட்சில் கட்டைவிரலை வைத்துவிட்டேன். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. அண்ணன் ஒருமுறை இருமினார். அவ்வளவுதான். நான் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

கிளறக் கூடாது

கேக் அடிக்க முடியாது. ஆனால் எட்டுப் பிள்ளைகளை ஆறு மணிக்கு வரச்சொல்லியாயிற்று. அப்போதுதான் பழைய நோட்டின் கடைசிப் பக்கம் ஞாபகத்துக்கு வந்தது.

லேடீஸ் கிளப்பில் ஒரு இன்ஜினியரின் மனைவி ஒருமுறை சமையல் செய்து காட்டினார். கணவருக்கு வெளிநாட்டில் ட்ரெய்னிங் கிடைத்தபோது கூடப் போய்க் கற்றுக்கொண்டு வந்ததாம். பேர் காப்ளர். அந்த ஊரில் வெயில் காலத்துப் பழம் எது கிடைத்தாலும் இப்படிச் செய்துவிடுவார்களாம். டின்னில் அடைத்த பீச் பழத்தை வைத்துச் செய்தார். நாங்கள் முப்பது பேர் பீச்சைப் பார்த்ததே அன்றுதான். அடிக்க வேண்டாம், பிசைய வேண்டாம், உருட்ட வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல எனக்கு இளக்காரமாக இருந்தது. கை வலிக்காமல் செய்வதெல்லாம் ஒரு பலகாரமா என்று நினைத்துக்கொண்டே எழுதி வைத்திருந்தேன். கடைசி வரியில் 'கிளறக் கூடாது' என்று இரண்டு கோடு போட்டிருந்தேன்.

அன்று அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மாம்பழங்களைத் தோல் சீவித் துண்டு போட்டேன். புளிப்பு தூக்கலாக இருந்ததால் சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமாகவே தூவி, ஏலக்காயை அம்மியில் தட்டாமல் பல்லால் கடித்து உடைத்துப் போட்டேன். பல்லால் என்றதும் முகம் சுளிக்கும் வாசகிகள் என்னை மன்னிக்கவும். ஜாடையில் வந்த பலாச்சுளையிலும் நாலைந்தை நறுக்கிச் சேர்த்தேன்.

எங்களிடம் அலுமினியத்தில் வட்ட ஓவன் ஒன்று இருந்தது. மூடியில் சின்னக் கண்ணாடி ஜன்னல் வைத்தது. அதன் தட்டில் அரை டம்ளர் வெண்ணெயைப் போட்டு உருகவிட்டேன். ஒரு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் சர்க்கரை, இரண்டு ஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு, ஒரு டம்ளர் பால். மரக்கரண்டியால் பத்து சுற்று. எவர்சில்வர் கரண்டி என்றால் பாத்திரத்தில் இடித்துச் சத்தம் வரும். உருகின வெண்ணெய் மேல் அந்த மாவை ஊற்றி, அதன் மேல் பழத்தைப் பரப்பினேன். கிளறவில்லை. மூடிவிட்டேன்.

அப்புறம் நடப்பதுதான் வேடிக்கை. கீழே கிடந்த மாவு மெதுவாக மேலே எழும்பி வரும். பழம் உள்ளே இறங்கும். ஓரமெல்லாம் வெண்ணெயில் முறுகிப் பழுப்பாகும். முக்கால் மணி நேரத்தில் கண்ணாடி ஜன்னலில் பாகு கொப்பளிப்பது தெரிந்தது. வெண்ணெயும் மாம்பழமும் சேர்ந்து வெந்த வாசனை வீட்டில் நிறைந்து வென்டிலேட்டர் வழியாக வெளியே போனது. அதில் ஒரு சத்தம் கிடையாது.

பிள்ளைகள் கிண்ணத்தை நக்கிவிட்டுப் போனார்கள். ஸ்பூன் தரவில்லை, விரல்தான். நிவேதா தொடவில்லை. எல்லோரும் போன பிறகு உள்ளறையில் போய்ப் பார்த்தேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்ததும் முகத்தைத் தூக்கினாள். அந்தக் கோபத்திலும் குரலை உயர்த்தவில்லை. கிசுகிசுப்பாகத்தான் கேட்டாள்.

"உனக்கு நான் முக்கியமா, அந்த மாமா தூங்குறது முக்கியமா?"

அவள் மறுபடி தலையணையில் கவிழ்ந்துகொண்டாள். அந்தத் தலையணைக்கு அப்பால் சுவர். சுவருக்கு அப்பால் ஏழுமலை அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு அவர் டூட்டிக்குக் கிளம்பினார். காலையில் சிரித்த முகத்தோடு திரும்பி வந்தார். அந்த நைட் வாரம் ஒரு குறையும் இல்லாமல் முடிந்தது. மெமோ விஷயம் எச்சரிக்கையோடு தீர்ந்துபோனது. தனம் குழந்தையோடு திரும்பி வந்து ஆறு வீட்டுக்கும் முந்திரிப்பருப்பு கொடுத்தாள். ஏழுமலையைத் தூங்க வைத்துக் காப்பாற்றியது நாங்கள்தான் என்று எங்கள் வரிசையே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

பத்திரிகை வைக்க வந்தவர்கள்

அடுத்த பிறந்தநாளுக்குக் க்ரீம் ரோஜா வைத்த கேக்கைச் செய்து வைத்தேன். நிவேதா ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "அந்தச் சத்தமில்லாத கேக் செய்யலையா?" என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதேதான். சாப்பிடுவாள், சாப்பிட்டுக்கொண்டே பழைய வழக்கைப் பிரித்துப் படிப்பாள். கல்லூரியில் படிக்கும்போது ஒருநாள், "மாவையும் பிளேடையும் தூக்கிட்டு அடுத்த தெருவுல யார் வீட்டுலயாவது போய் அடிச்சிட்டு வந்திருக்கலாமேம்மா" என்றாள். சத்தியமாக அந்த யோசனை அன்று எனக்கு வரவில்லை. வந்திருந்தால் இந்த அத்தியாயமே கிடையாது.

விளையாட்டுப்போலத்தான் சொல்வாள். ஆனால் கல்யாணம் ஆகிப்போன பிறகும் ஏதாவது மனத்தாங்கல் வந்தால், "உனக்கு எப்பவுமே பக்கத்து வீடுதானேம்மா பெருசு" என்று ஒரு வார்த்தை விழும். அது விளையாட்டில்லை என்று எனக்குத் தெரியும். எனக்கும் உள்ளே ஒரு முள் இருக்கத்தான் செய்தது.

போன மாதம் பிறந்தநாளுக்கு நிவேதா வந்திருந்தாள். இப்போது நாங்கள் வேறு குவார்ட்டர்ஸில் இருக்கிறோம். இன்னும் சில மாதத்தில் என் கணவருக்கும் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை மதியம் ஓவனில் மாம்பழம் வெந்துகொண்டிருந்தபோது ஏழுமலை அண்ணனும் தனமும் வந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு வடலூரில் வீடு கட்டிக்கொண்டு போனவர்கள். தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகை. அந்த வயிற்றுவலிக் குழந்தைக்குத்தான் கல்யாணம்.

அண்ணனுக்குத் தலை வெளுத்துவிட்டது. காதும் மந்தமாகிவிட்டது. பெல்ட்டின் இரைச்சலில் இத்தனை வருஷம் இருந்த காது. தனம் அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி உரக்கச் சொன்னால்தான் புரிகிறது. ஆளே பாதியாகத் தெரிந்தார். கல்யாண அலைச்சல், இரண்டு நாளாகச் சரியாகத் தூக்கமில்லை என்றாள் தனம்.

காப்ளரைக் கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். கொடுத்த கையோடு என் பெருமையையும் ஆரம்பித்துவிட்டேன். இது பிறந்த கதை தெரியுமா அண்ணே என்று, துண்டு, மாங்காய், போர்வை, மிக்ஸி எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கேட்க வேண்டுமே. சத்தமே போடாமல் இருந்த கதையைத் தெருவுக்கே கேட்கும்படி கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. நிவேதா பக்கத்தில் நின்று, "என் பர்த்டேவை வித்து மாமாவுக்குத் தூக்கம் வாங்கிக் குடுத்தாங்க" என்று எடுத்துக்கொடுத்தாள்.

அண்ணன் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

கதவு வரைக்கும்

"அன்னைக்கி நான் தூங்கவே இல்லீங்க டீச்சர்" என்றார்.

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று தனத்தைப் பார்த்தேன். அவளும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அது புதுச் செய்தி.

காது மந்தமானவர்கள் பேசுவதுபோலக் கொஞ்சம் உரக்கவே சொல்லிக்கொண்டு போனார். படுத்ததும் தூங்கிவிடலாம் என்றுதான் படுத்தாராம். ஒரு வீட்டில்கூடப் பாத்திரச் சத்தம் இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை, காக்காய்கூடக் கத்தவில்லை. அத்தனை பேரும் தனக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று தெரிந்ததும், இதோ தூங்க வேண்டும், இதோ தூங்க வேண்டும் என்று நினைத்து நினைத்தே தூக்கம் ஓடிப்போய்விட்டதாம். அப்புறம் வாசனை வந்ததாம். அப்புறம் அழுகை.

"பாப்பா அழுவுற சத்தம் செவுத்துக்கு இந்தாண்ட கேட்டுச்சிங்க. தலகாணில மூஞ்ச வச்சிக்கினுதான் அழுவுது. ஆனாலும் கேட்டுச்சி. எழுந்து வந்து, நான் முழிச்சிக்கினுதான் இருக்கேன், மிக்ஸியப் போடுங்க டீச்சர்னு சொல்லிடலாம்னு கதவு வரைக்கும் வந்துட்டேன்."

"வந்து சொல்லியிருக்கலாமே அண்ணே" என்றேன். அவருக்குக் கேட்கும்படி முகத்துக்கு நேராகக் குனிந்துதான் சொன்னேன்.

"எப்டிங்க சொல்றது? ஊரே அவ்ளோ பாடுபட்டு என்னத் தூங்க வச்சிக்கினு இருக்கீங்க. நான் தூங்கலன்னு தெரிஞ்சா உங்க மனசு என்னா பாடுபடும்? தாழ்ப்பாள்ல கை வச்சவன் திரும்பிப் போயி படுத்துக்கினேன்."

என் கணவர் அவர் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அப்படியானால் அன்று ராத்திரி டூட்டியில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டார். பகலில் ஒரு கண்ணும் மூடாத ஆளுக்கு அதுதானே ஆபத்து.

"அன்னைக்கி ராவுல கண்ணு சொக்கவே இல்ல சார். கேபின்ல குந்துனதுலேருந்து பாப்பா அழுவுற சத்தமே காதுல இருந்திச்சி. ஒரு கொழந்த பொறந்த நாள் அன்னைக்கி எனக்காக அழுதுட்டு தூங்குது. அங்க போயி நான் தூங்குனா மனுசனா?"

நான் நிவேதாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. எங்கள் வரிசையே சேர்ந்து கொடுத்த அமைதி அவரைத் தூங்க வைக்கவில்லை. இவள் தலையணையில் அடக்கின அழுகைதான் அவரை விழிக்க வைத்துக் காப்பாற்றியிருக்கிறது. இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறார். காது கேட்கிற காலத்தில் கேட்டதைக் காது போன காலத்தில் சொல்கிறார்.

நிவேதாதான் முதலில் அசைந்தாள். அவர் கீழே வைத்த கிண்ணத்தை எடுத்து, ஓவனிலிருந்து முறுகலான ஓரமாகப் பார்த்து இன்னும் இரண்டு கரண்டி போட்டுக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். ஓரத்தை அவள் யாருக்கும் விட்டுக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

அவர் சாப்பிட்டார். அப்புறம் நாங்கள் கல்யாணப் பேச்சுக்குப் போனோம். மாப்பிள்ளை, மண்டபம், சமையல்காரர் என்று தனம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜூஸ் போடுகிறேன் என்று நிவேதா சமையலறைக்குள் போய் மாம்பழம் நறுக்கினாள். நானும் டம்ளர் எடுக்க உள்ளே போனேன். ஜாரை மிக்ஸியில் பொருத்தி, ஸ்விட்சில் கை வைத்தவள் அப்படியே நின்றாள். கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஏழுமலை அண்ணன் தூங்கிப்போயிருந்தார். காலிக் கிண்ணம் மடியில் இருந்தது. தனமும் பேச்சை நிறுத்திவிட்டு மெதுவாக அந்தக் கிண்ணத்தை எடுத்தாள்.

நிவேதா ப்ளக்கைப் பிடுங்கினாள்.

"சும்மா போடுடி. அவருக்குத்தான் காது கேக்காதே" என்றேன்.

"தெரியும்மா" என்றாள். பத்து வயதில் கேட்ட அதே கிசுகிசுப்பு. "தூங்குறாருல்ல."

மாம்பழத் துண்டுகளைக் கையாலேயே பிசைய ஆரம்பித்தாள். தெருக்கோடியில் குல்பி வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு திரும்புவது கேட்டது. நிவேதா கையைக் கழுவிக்கொண்டு, கொடியில் கிடந்த அப்பாவின் துண்டை உருவி, வேகமாக கேட்டை நோக்கிப் போனாள். இந்தக் காலத்து குல்பிக்காரருக்குத் துண்டின் அர்த்தம் தெரியுமோ தெரியாதோ. அவள் கட்டிக்கொண்டிருந்தாள்.